உறைகலைஞரும் ஓராண்டுப் பணியும்

பொருட்காட்சிசாலை என்றவுடன் நம் உள்ளத்தில் எழுவன யாவை? கண்ணாடிப் பேழையுள் அடுக்கப்பட்ட பழங்காசுகள், மண்ணினின்று அகழ்ந்தெடுத்த தாழிகள், கையிழந்தும் மூக்கிழந்தும் நிற்கும் சிலைகள், 'தொடாதீர்' என்னும் பலகை, வாயிலருகே கண்ணயரும் காவலாளன் ஆகிய இவையே. அங்குள்ள பொருள்கள் யாவும் செய்து முடிந்தவை. அவற்றைச் செய்த கைகளோ மண்ணோடு மண்ணாயின. ஆதலின், காட்சிசாலை என்பது இறந்தகாலத்தின் இல்லம் என்று நாம் எண்ணிவிடுகின்றோம். அவ்வெண்ணம் முழுவதும் பிழையன்று, முழுவதும் உண்மையுமன்று. உயிரோடிருக்கும் கலைஞர்க்கு ஓர் அறையும், ஓராண்டுக் காலமும், வாழ்க்கைக்கு வேண்டிய பொருளுதவியும் அளித்து, அவர்கள் அவ்விடத்திருந்தே ஆக்கியவற்றை ஆண்டிறுதியில் ஊரார்முன் வைக்கும் காட்சிசாலைகளும் உலகில் உள. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றனைப்பற்றியும், அங்கு நிகழ்ந்த காட்சியொன்றனைப்பற்றியும் ஈண்டுச் சிறிது கூறப்புகுகின்றோம்.

நாம் கருதும் நிலையம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நியூயார்க் மாநகரின் ஹார்லெம் பகுதியில் உள்ளது. 'ஸ்டூடியோ மியூசியம்' என்பது அதன் பெயர். ஸ்டூடியோ என்பது கலைஞன் இருந்து தொழில்புரியும் பணிக்கூடம். மியூசியம் என்பது தொழில் முடிந்த பொருளைப் பேணும் காட்சிசாலை. ஆக்கும் இடமும் காக்கும் இடமும் ஒரே பெயரில் இணைந்து நிற்றலே அந்நிலையத்தின் கொள்கையைப் பறைசாற்றுகின்றது. அப்பெயர் அதற்கு வாய்த்தது எவ்வாறு என்பதை அறிய, அது பிறந்த காலத்தை நோக்குதல் வேண்டும்.

ஹார்லெம் கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த பகுதி. 1920-ஆம் ஆண்டுகளில் அவ்விடத்தே கவிதையும் இசையும் ஓவியமும் ஒருங்கே தழைத்தன. அதனை அம்மக்களின் கலை மறுமலர்ச்சி எனச் சரித்திர நூலார் போற்றுவர். ஆயினும், அம்மறுமலர்ச்சிக்குப் பின்னும் அமெரிக்கப் பெருங்காட்சிசாலைகளின் சுவர்களில் கறுப்பினக் கலைஞர்க்கு இடம் கிடைத்தல் அரிதாகவே இருந்தது. 1968-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் என்னும் பெரியார் மெம்பிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். துயரமும் சினமும் அம்மக்களிடையே கொந்தளித்துக்கொண்டிருந்த அவ்வாண்டிலேயே, செப்டம்பர்த் திங்கள் 24-ஆம் நாள், ஐந்தாம் அவென்யூ என்னும் தெருவில் வாடகைக்கு எடுத்த ஒரு மாடியில் இந்நிலையம் திறக்கப்பட்டது. அதற்குச் சொந்தமான கட்டடமும் அன்று இல்லை. முன்னோர் ஈட்டிவைத்த பெருஞ்செல்வமும் இல்லை.

வில்லியம் டி. வில்லியம்ஸ் என்பார் அப்பொழுது இருபத்தாறு வயதினராய இளம் ஓவியர். யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றது அவ்வாண்டிலேதான். காட்சிசாலையின் கூரையின்கீழேயே கலைஞர் இருந்து பணிசெய்தல் வேண்டும், அவர்கள் பணிசெய்வதை அவ்வூர் மக்கள் அருகிருந்து காணுதல் வேண்டும் என்னும் கருத்தை வகுத்தவர் அவரே. சிற்பியாகிய மெல்வின் எட்வர்ட்ஸ் அவருக்குத் துணைநின்றார். ஹார்லெமில் பிறந்து வளரும் ஒரு சிறுவன், ஓவியம் என்பது தூர தேசத்தாரின் தொழில் என்று எண்ணாமல், தன்னைப்போன்ற ஒருவர் தன் தெருவிலேயே வண்ணம் குழைப்பதைக் கண்டால், அவனுள்ளத்தில் என்ன விளையும்? இவ்வினாவே அத்திட்டத்தின் வித்து எனலாம்.

இதன் தேவை எத்துணையென்பதை அடுத்த ஆண்டின் நிகழ்ச்சியொன்று தெளிவாக்கிற்று. 1969-ஆம் ஆண்டு ஜனவரியில், நியூயார்க்கின் பெருமை வாய்ந்த மெட்ரபாலிட்டன் காட்சிசாலையார் ஹார்லெமைப் பொருளாகக்கொண்டு பெருங்காட்சியொன்றை அமைத்தனர். அதில் ஹார்லெம் மக்களின் நிழற்படங்கள் நிறைந்திருந்தன. அவர்களுடைய குரலும் இசையும் ஒலித்தன. ஆனால், ஹார்லெமில் வாழ்ந்த ஓவியர் ஒருவரின் ஓவியமேனும், சிற்பி ஒருவரின் சிற்பமேனும் அங்கு இடம்பெறவில்லை. கறுப்பினக் கலைஞர்கள் வாயிலில் நின்று மறுப்புக் குரல் எழுப்பினர். பிறர் காணத்தக்க பொருளாக அம்மக்கள் உள்ளே அழைக்கப்பட்டனர். தாமே காட்சியைப் படைக்கவல்லவராக அழைக்கப்பட்டிலர். இவ்விரண்டற்குமுள்ள வேற்றுமை சிறிதோ? ஒருவன் முகத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, அவன் கையைப் புறத்தே நிறுத்துதல் அவனைப் பெருமைப்படுத்தியதாகுமோ? வாடகை மாடியில் தொடங்கிய சிறு நிலையம் பெருநிலையத்தார்க்குச் சொல்லாமற் சொல்லிய விடை இதுவேயாம்.

இனி, அத்திட்டம் நடைபெறும் முறையைக் கூறுவாம். ஆண்டுதோறும் விண்ணப்பம் செய்வோருள், ஆப்பிரிக்க மரபினராய் வளர்ந்துவரும் கலைஞர் பெரும்பாலும் மூவர் தெரிந்தெடுக்கப்படுவர். அம்மூவர்க்கும் காட்சிசாலையிலேயே தனித்தனிப் பணிக்கூடம் அளிக்கப்படும், பொருளுதவியும் உண்டு. ஏறத்தாழ பதினொரு திங்கள் அவர்கள் அங்கே பணிசெய்வர். இடையிடையே பணிக்கூடத்தின் கதவு பொதுமக்களுக்குத் திறக்கப்படும். முடிவில் அம்மூவர் படைப்புகளும் ஒரு காட்சியாக அமைக்கப்படும். ஈண்டு ஒன்றைக் கருதவேண்டும். இன்ன பொருளைச் செய்க, இத்தனை செய்க என்று நிலையத்தார் கட்டளையிடுவதில்லை. அவர்கள் அளிப்பன இடமும் காலமும் கவலையற்ற மனமுமேயாகும்.

எரேமியா தீர்க்கதரிசி குயவனுடைய வீட்டிற்குப் போகும்படி கட்டளை பெற்ற வரலாற்றை நாம் அறிவோம். சந்தைக்கு அவர் அனுப்பப்படவில்லை. சந்தையிலே நல்ல கலங்களையே காணலாம். வீட்டிலேதான் திரிகை சுழல்வதையும், கையிலிருக்கும்போதே கலம் கெட்டுப்போவதையும், கெட்ட அம்மண்ணே மீண்டும் வேறு கலமாக வனையப்படுவதையும் காணலாகும். காட்சிசாலைகள் பெரும்பாலும் நமக்குச் சந்தையாகவே இருந்துவந்துள்ளன. பணிக்கூடத்தைத் தன்னகத்தே கொண்ட காட்சிசாலையோ குயவன் வீட்டைப் போன்றது. அங்கே தோல்வியும் ஒரு பாடமாகக் கண்முன் நிற்கின்றது.

நம் பழந்தமிழ்ப் புரவலரோடு இந்நிலையத்தாரை ஒப்பிட்டுப் பார்ப்பதும் பயனுடைத்து. பண்டைப் புலவர் காடும் மலையும் கடந்து சென்று வள்ளலைக் கண்டு பாடினர். பாடியபின் பரிசில் பெற்றனர். பரிசில் நீட்டித்தபோது வருந்திப் பாடியதும் உண்டு. இங்கோ பரிசில் முன்னே வருகின்றது. பாட்டுப் பின்னே வருகின்றது. பாட்டு வாராமலே போகவுங்கூடும். ஆயினும் நிலையத்தார் அஞ்சாது அளிக்கின்றனர். செய்த செயலுக்குக் கூலி கொடுத்தல் நீதி. செய்யவிருக்கும் செயலை நம்பி முன்னரே கொடுத்தலோ நீதியினும் மேம்பட்டதொன்று. அதனை நம்பிக்கை என்பதா, அருள் என்பதா? எப்பெயரிட்டு அழைப்பினும், அது கலைஞன் உள்ளத்தில் அச்சத்தைப் போக்கி முயற்சியை வளர்ப்பதென்பது ஒருதலை.

இம்முறையில் உருவான காட்சிகளுள் 2016-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் அக்டோபர்த் திங்கள் வரை நடைபெற்றதொன்றை விரித்துரைக்க விழைகின்றோம். அது 2015-ஆம் ஆண்டிலும் 2016-ஆம் ஆண்டிலுமாக அங்குறைந்த மூவரின் படைப்புகளைக் கொண்டது. அதற்கு இட்ட பெயர் 'டென்ஸஸ்' என்பது. நம் இலக்கண நூலார் வினைச்சொல்லுக்கு உரியனவாகக் கூறும் காலங்களையே அச்சொல் குறிக்கும். இலக்கணம் பயிலும் மாணவராகிய நம்மை அப்பெயர் உடனே கவர்ந்ததில் வியப்பில்லை.

மூவருள் ஒருவர் ஜார்டன் காஸ்டீல் அம்மையார். அவர் டென்வர் நகரிற் பிறந்தவர், ஹார்லெமுக்குப் புதியவர். அவர் செய்தது யாது? அறைக்குள் அடைபட்டுக் கிடவாது, புறத்தே தெருக்களில் நடந்தார். நடைபாதையில் சரக்குப் பரப்பி விற்போர், வீட்டுவாயிற் படிகளில் அமர்ந்திருப்போர், வேலை முடிந்து நிற்போர் முதலிய ஆடவரைக் கண்டு அளவளாவி, அவர்தம் இசைவு பெற்று நிழற்படம் எடுத்தார். பின்னர்த் தம் பணிக்கூடத்திற்கு மீண்டு, அவர்களை ஆளுயரத் துணிகளில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டினார். பட்டம் விடும் கெவின் என்பாரைத் தீட்டிய ஓவியம் அவற்றுள் ஒன்று. அஃது இன்று அந்நிலையத்தின் உடைமையாக உள்ளது. தெருவில் ஆயிரவர் கடந்து செல்லினும் ஒருவரும் ஏறெடுத்துப் பாராத மனிதர், அவ்வோவியங்களில் நம்மை நேர்நோக்கி அமர்ந்திருக்கின்றனர். கறுப்பின ஆடவர் என்றாலே அஞ்சி ஒதுங்கும் மாந்தர் பலர் வாழும் நாட்டில், அஞ்சாது நெடுநேரம் அவர்களை நோக்கும்படி செய்தலே ஒரு பேருதவியன்றோ?

இரண்டாமவர் ஈ.ஜே. ஹில். திருவிழா மைதானங்களிலும் கேளிக்கைத் தோட்டங்களிலும் உயர ஏறி விரைந்திறங்கும் சிறு வண்டிப் பாதையைப் பலர் கண்டிருக்கலாம்; 'ரோலர் கோஸ்டர்' என்பர். அதனை ஒத்த மரப்பாதையொன்றை ஹில் காட்சியறையிலே அமைத்தார். அதனிடையே ஒரு மேடை. அம்மேடைமேல் அவரே படுத்துக்கொண்டார். காட்சி நடந்த மாதங்களில், சாலை திறந்திருந்த நேரமெல்லாம் அவர் அசையாது அங்கே கிடந்தார். 'உள்ளடங்கிய ஆற்றலின் பெருங்காணிக்கை' என்னும் பொருள்படப் பெயரிட்டனர் அதற்கு. உயரத்தில் நிறுத்திய வண்டி இன்னும் ஓடவில்லை. ஆயினும் ஓடுதற்குரிய வலிமை முழுவதும் அதனுள் தங்கியிருக்கின்றது எனப் பௌதிக சாஸ்திரம் பயிலும் நண்பர்கள் நமக்குச் சொல்லுவர். காண்போர் உள்ளத்திலோ வேறொரு வினாவும் எழும். கிடக்கும் அவ்வுடல் ஓய்வு கொள்ளுகின்றதா, ஒடுங்கிப்போயிற்றா, அன்றி இறந்தே கிடக்கின்றதா? தெருவில் சுட்டு வீழ்த்தப்பட்ட கறுப்பிளைஞர் செய்தி அந்நாட்டுப் பத்திரிகைகளில் அடுத்தடுத்து வெளிவந்த காலம் அது. அசையாமல் கிடத்தலே பேச்சாகிவிட்டது.

மூன்றாமவர் ஜிபாதே கலீல் ஹஃப்மன். இவர் கவிஞருமாவார். பழைய திரைப்படத் துணுக்குகள், தொலைக்காட்சிக் காட்சிகள், அச்சிட்ட படங்கள், சொற்றொடர்கள் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, புதியதொரு பொருள் தோன்றச் செய்வது இவர் முறை. பிறர் எறிந்தவற்றைப் பொறுக்கிப் பாட்டாக்குதல் என்று அதனைச் சுருங்கச் சொல்லலாம்.

இம்மூவரையும் ஒருங்கு நோக்குமிடத்து, காட்சியின் பெயர் நமக்குப் புலப்படுவதாயிற்று. கழிந்தவற்றின் எச்சங்களைத் திரட்டும் ஹஃப்மனிடத்து இறந்தகாலமும், இன்று தெருவில் நிற்பாரைத் தீட்டும் காஸ்டீல் அம்மையாரிடத்து நிகழ்காலமும், இன்னும் வெளிப்படாத ஆற்றலைக் காட்டும் ஹில்லிடத்து எதிர்காலமும் விளங்குகின்றன என்பது நம் கருத்து. இன்னுமொன்று. இத்தகைய கலைஞரைத் தமிழில் எப்பெயரால் அழைப்பது என்று எண்ணியபோது, 'உறைகலைஞர்' என்னும் சொல் நமக்குத் தோன்றியது. 'ஊறுகாய்' என்பது எவ்வாறு ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலத்துக்கும் விரிந்து வினைத்தொகையாயிற்றோ, அவ்வாறே உறைந்த கலைஞர், உறைகின்ற கலைஞர், உறையும் கலைஞர் என இதுவும் விரியும். காலம் வெளியே தோன்றாமல் உள்ளே கரந்து நிற்றல் வினைத்தொகையின் இயல்பு. அந்நிலையமும் அத்தகையதே. அங்கு முன்னிருந்தார் விட்டுச்சென்ற புகழும், இப்பொழுதிருப்பார் படும் பாடும், இனி வருவார் கொண்டுவரும் புதுமையும் ஒரே கூரையின்கீழ்க் கரந்துறைகின்றன.

இத்திட்டத்தில் குறையே இல்லையோ எனின், உண்டு எனப் பகர்வாரும் உளர். ஓராண்டு மிகக் குறுகியது. மரம் வேர்விடும் முன்னரே பெயர்த்து நடுவது போலாம் என்பர் சிலர். உணவளிப்பாரை மனம் நோகச் செய்யும் கலையை உண்பவன் செய்வானோ என்பர் வேறு சிலர். இவ்வையங்கள் புறக்கணிக்கத் தக்கனவல்ல. ஆனால் அந்நிலையத்தின் முதற்காட்சியே இரண்டாவது ஐயத்திற்கு ஒருவாறு விடையாக அமைந்தது. 1968-இல் அங்கு முதன்முதல் வைக்கப்பட்டவை டாம் லாயிட் என்பாரின் மின்னொளிப் படைப்புகள். நிறவிளக்குகள் மாறிமாறி ஒளிரும் உருவங்கள். கறுப்பின மக்களின் துன்பத்தையோ வீரத்தையோ அவை படமாகக் காட்டவில்லை. இவ்விளக்குகளுக்கும் ஹார்லெமுக்கும் என்ன தொடர்பு என்று வினவியோர் பலர். மக்கட்குரிய கலை மக்களையே வரைந்து காட்டவேண்டும் என்பது அவர் கொள்கை. கறுப்பினக் கலைஞன் எதனையும் ஆக்க உரிமையுடையவன் என்பது மறுதரப்பார் கொள்கை. அவ்வழக்கு இன்றும் முற்றும் தீர்ந்ததன்று. ஆயினும், அந்நிலையம் ஒரு பக்கத்தாரை உள்ளே வைத்து மறுபக்கத்தாரை வெளியே தள்ளவில்லை. தெருமனிதரைத் தீட்டியவரும், மரப்பாதையிடையே கிடந்தவரும் ஒரே ஆண்டில் அடுத்தடுத்த அறைகளில் உறைந்தனரென்பதே அதற்குச் சான்று.

விளைந்த பயனையும் சிறிது கூறல் வேண்டும். 2001-ஆம் ஆண்டில் அங்குறைய வந்த கெஹிண்டே வைலி என்பார், தெருவில் கசங்கிக் கிடந்த ஒரு தாளைக் கண்டெடுத்தார். அதில் போலீசார் எடுத்துவைத்த கறுப்பிளைஞன் ஒருவனின் முகப்படம் இருந்தது. அம்முகம் அவர் உள்ளத்தைவிட்டு அகலவில்லை. அரசரையும் பிரபுக்களையும் பண்டை ஐரோப்பிய ஓவியர் எத்துணைப் பெருமிதத்துடன் தீட்டினரோ, அத்துணைப் பெருமிதத்துடன் தெருவிளைஞரைத் தீட்டும் முறையை அவர் மேற்கொண்டார். அவர் தீட்டிய குடியரசுத் தலைவர் பராக் ஒபாமாவின் உருவம் 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வாஷிங்டன் நகரின் தேசிய உருவப்படச் சாலையில் திறந்துவைக்கப்பட்டது. குற்றவாளியின் படமென்று கசக்கி எறியப்பட்ட தாளினின்று நாட்டுத் தலைவரின் உருவப்படம் வரை நீண்ட அவ்வழி, ஹார்லெம் பணிக்கூடத்தினூடே சென்றது. அங்குறைந்த மற்றொருவராகிய சிமோன் லீ அம்மையார், 2022-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்துப் பெருங்காட்சியில் தம் நாட்டின் சார்பாக அமர்த்தப்பெற்றார். கறுப்பினப் பெண்மணியருள் அப்பேறு பெற்ற முதல்வர் அவரே. எனினும், புகழ்பெற்றாரை எண்ணியே ஒரு நிலையத்தை அளத்தல் நேரிதன்று. பெயர் பரவாத உறைகலைஞர்க்கும் அந்த ஓராண்டு பொய்யாகிவிடுமோ?

125-ஆம் தெருவிலிருந்த பழைய கட்டடம் 2018-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அவ்விடத்தே புதிது எழுப்பக் கருதினர். மனை இடிந்தபோதும் பணி இடியவில்லை. 2019-ஆம் ஆண்டு முதல் உறைகலைஞர் காட்சிகள், குவீன்ஸ் பகுதியில் முன்னாளில் பள்ளிக்கூடமாயிருந்த பி.எஸ். 1 என்னும் நிலையத்தில் நடைபெற்றன. கொள்ளைநோய் உலகை வாட்டிய 2020-ஆம் ஆண்டிலும் அம்மரபு முறியவில்லை. அவ்வாண்டு டிசம்பரிலும் ஒரு காட்சி திறக்கப்பட்டது. பின்னர் 2024-ஆம் ஆண்டுக் காட்சியில் மால்கம் பீகாக் என்னும் கலைஞர், கையாற் பின்னிய எண்ணிறந்த செயற்கைமயிர்ப் பின்னல்களைக்கொண்டு செம்மரமொன்றின் பருத்த அடிமரத்தைச் சமைத்திருந்தார். ஒரு பின்னல் ஒரு நாழிகையின் உழைப்பு. மரமோ ஆண்டுகளின் உருவம். 2025-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15-ஆம் நாள், ஏழு நிலையுடைய புதுமனை பழைய இடத்திலேயே திறக்கப்பட்டது. தொடக்கக் காட்சிகளுள் ஒன்று டாம் லாயிட்டின் அதே மின்னொளிப் படைப்புகள். மற்றொன்று தொடக்க நாள்முதல் அங்குறைந்தாரின் படைப்புகள். அன்று ஐயுற்று நோக்கிய விளக்குகளே இன்று மனைபுகு விழாவின் விளக்குகளாயின.

இக்கட்டுரையை முடிக்குமுன் நம்மை நோக்கி ஒரு சொல். விடுதியில் தங்கிக் கற்கும் நாமும் ஒருவகையில் உறைமாணவரே. நமக்கும் ஓர் அறையும், சில ஆண்டுகளும், நூல்நிலையமும், ஆசிரியர் அன்பும் முன்னரே அளிக்கப்பட்டுள்ளன. நாம் என்ன ஆக்குவோம் என்பதை அறியாமலே அளித்தனர் நம் பெற்றோரும் கல்லூரியாரும். ஆண்டிறுதியில் நம்மைக் காணவருவார்க்குப் பரீட்சை எண்களையன்றி வேறு எதனைக் காட்டுவோம்? தாலந்தைப் புதைத்துவைத்த ஊழியனின் கதை நமக்குப் புதியதன்று. வண்டி உயரத்தில் நிற்கின்றது. வலிமை உள்ளே அடங்கியிருக்கின்றது. அஃது ஓடுதல் வேண்டும்.